சித்தி என்றால் சட்டத்தில் யார்?

1

போன வருடம் ஒரு மதியம், சாப்பாட்டு இடைவேளையில் காருக்குள் உட்கார்ந்து தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்த மின்னஞ்சல் வந்தது. என் மகள் லிடியாவின் ஆஸ்திரேலியக் குடியுரிமை விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரி அனுப்பியிருந்தார். இந்த ஊரில் கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் 'தயவுசெய்து' போட்டுத்தான் அறுப்பார்கள். பெற்றோர் இருவரும் கையெழுத்திட்டதற்கு நன்றி. ஆனால் குழந்தையின் சட்டப்படியான காப்பாளர் கையெழுத்திடவில்லை. தயவுசெய்து அவருடைய சம்மதத்தைப் பெற்று அனுப்பவும்.

நான் பெற்ற பிள்ளை. இராஜபாளையத்தில் ஒரு ஆஸ்பத்திரியில், வலி தாங்காமல் நர்ஸின் கையைக் கடித்துப் பெற்ற பிள்ளை. அவளுக்கு நான் போட்ட கையெழுத்து போதாதாம்.

பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில், தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், என் தங்கை ரூபியின் பெயர் அச்சாகியிருக்கிறது. சட்டப்படி லிடியாவின் காப்பாளர் ரூபிதான். ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றம் கொடுத்த உத்தரவு அப்படிச் சொல்கிறது. அந்த உத்தரவை விண்ணப்பம் போட்டு, வக்கீல் வைத்து வாங்கியதும் நாங்கள்தான்.

ஊரில் இருப்பவர்கள் என்னிடம் பேசும்போது, "ஒனக்கென்ன, வெளிநாட்டுல இருக்க" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கென்ன என்பதை ஒரு தடவையாவது முழுதாக எழுதி வைக்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. மீதிச் சோற்றை மூடி வைத்துவிட்டேன்.

2

நாங்கள் பெர்த் நகரத்துக்கு வந்து பல வருடமாகிறது. நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். என் கணவர் சாமுவேல் சுரங்கத்தில் மெக்கானிக். வேலைக்குப் போனால் இரண்டு வாரம் பாலைவனத்தில் இருப்பார். போன் எடுத்தால் எடுத்தது, எடுக்காவிட்டால் இல்லை.

கொரோனா வருவதற்குச் சற்று முன்னால் உறவில் ஒரு கல்யாணத்துக்காக மூவரும் ஊருக்குப் போனோம். சாமுவேல் முதலில் திரும்பிவிட்டார். நானும் நான்கு வயது லிடியாவும் கிளம்ப வேண்டிய வாரத்தில் அவளுக்கு அம்மை போட்டது. கொப்புளத்தோடு விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். எனக்கோ விடுப்பு முடிந்திருந்தது. நான் போகாவிட்டால் என் இடத்தில் வேறு ஆள் எடுப்பார்கள்.

"நீ போக்கா. நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் ரூபி. "சரியானதும் அத்தான் வந்து கூட்டிட்டுப் போகட்டும். ஒரு மாசத்துல என்ன ஆயிரப் போகுது?"

அப்பா அம்மா இரண்டு பேரும் இல்லாத வீட்டில் ரூபி தனியாக இருந்தாள். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகம் பக்கம். அப்பா விட்டுப்போன விசைத்தறி செட் இராஜபாளையத்தில். பேண்டேஜ் துணி நெய்கிற தறிகள். ரூபி தினமும் ஸ்கூட்டரில் போய் அதை நடத்திக்கொண்டிருந்தாள். கல்யாணம் வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லி ஓய்ந்தவள். பிள்ளை அவளிடம் ஒட்டிக்கொண்டாள். நான் நிம்மதியாகத்தான் விமானம் ஏறினேன்.

லிடியாவுக்குக் கொப்புளம் ஆறுவதற்குள் உலகம் கதவைச் சாத்திவிட்டது.

3

என் பிள்ளையை என்னிடம் கொண்டுவர என்னென்ன தடைகள் இருந்தன என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். லிடியா இந்தியக் குடிமகள். ஆனால் இங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை உண்டு. அதனால் அவள் நாட்டுக்குள் வரலாம். ஆனால் அந்த வயதுக் குழந்தையைத் தனியாக எந்த விமானத்திலும் ஏற்ற மாட்டார்கள். நாங்கள் போய்க் கூட்டி வரலாமா என்றால், நாட்டை விட்டு வெளியே போக அரசு அனுமதி வேண்டும். அனுமதி கேட்டால், குழந்தை யாருடைய பராமரிப்பில் இருக்கிறது என்பதற்கு எழுத்துப்பூர்வச் சான்று வேண்டும்.

ரூபி தமிழில் ஒரு கடிதம் எழுதி வாங்கி நோட்டரி முத்திரையோடு ஸ்கேன் செய்து அனுப்பினாள். எழுதிக் கொடுத்தவர் பழைய ஆள். 'மேற்படி குழந்தை தனது சிறிய தாயாரின் பராமரிப்பில் இருந்து வருகிறது' என்று எழுதியிருந்தார். இங்கே அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் கொடுத்தோம். அவர் 'சிறிய தாயார்' என்பதை மாற்றாந்தாய் என்று மொழிபெயர்த்து முத்திரை குத்திவிட்டார். அவசரத்தில் நானும் கவனிக்காமல் அனுப்பிவிட்டேன்.

அனுமதி மறுக்கப்பட்டது. காரணம் கேட்டுப் போன் செய்தேன். ஒரு பெண் பேசினாள்.

"குழந்தையின் தாய் எங்கே?" என்று கேட்டாள்.

"நான்தான் தாய்."

"அப்படியானால் மாற்றாந்தாய் யார்?"

"மாற்றாந்தாய் இல்லை. என் தங்கை."

சற்று நேரம் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. "உங்கள் தங்கை உங்கள் கணவரை மணந்திருக்கிறாரா?" என்றாள். கேலியாக இல்லை. குறித்துக்கொள்வதற்காகக் கேட்டாள்.

சித்தி என்ற சொல்லை நான் அவளுக்கு எப்படி விளக்குவேன்? அம்மாவின் தங்கையை நாங்கள் சின்ன அம்மா என்றுதான் கூப்பிடுவோம் என்றேன். "அப்படியானால் குழந்தைக்கு இரண்டு தாயா?" என்றாள். போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கத்தினேன். அப்புறம் வேறு மொழிபெயர்ப்பு வாங்கி மறுபடி விண்ணப்பித்தோம். அதற்குள் அந்தப் பக்கம் விமானம் நின்றுபோயிருந்தது.

ஊரிலும் இதே கூத்துதான். பேண்டேஜ் துணி அத்தியாவசியப் பொருள் என்பதால் ரூபிக்கும் தறிக்காரர்களுக்கும் பாஸ் கிடைத்தது. பால்வாடி மூடியிருந்ததால் லிடியாவையும் ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்திக் கூட்டிப் போவாள். வழியில் ஒரு போலீஸ்காரர் மறித்தார். நான் அப்போது வீடியோவில் லிடியாவிடம் பேசிக்கொண்டிருந்ததால் எல்லாம் கேட்டது.

"பாஸ்ல ஒங்க பேருதான இருக்கு. பிள்ளை பேரு இல்லியே."

"நாலு வயசுப் பிள்ளைக்கு எதுக்கு சார் பாஸ்? அவ என்ன தறியா ஓட்டப் போறா?"

"பிள்ளைய வீட்டுல விட்டுட்டு வாங்க."

"வீட்டுல யாரு இருக்கா? நான் மட்டுந்தான்."

"ஒங்க பிள்ளையா?"

லிடியா போனை அவர் பக்கம் திருப்பி, "எங்கம்மா இதுல இருக்கு" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் கும்பிட்டேன். "போங்க, போங்க. மாஸ்க்க மேல ஏத்துங்க" என்று விட்டுவிட்டார்.

4

அடுத்து நடந்ததைத்தான் என்னால் இன்றுவரை சாதாரணமாகச் சொல்ல முடியவில்லை.

செட்டில் அடுக்கியிருந்த துணிச் சிப்பத்தின் மேல் ஏறி விளையாடிய லிடியா கீழே விழுந்தாள். முழங்கை எலும்பு முறிந்து கை வேறு பக்கம் திரும்பியிருந்தது. ரூபி அவளை அள்ளிக்கொண்டு ஓடினாள். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், தாமதித்தால் விரலுக்கு ரத்த ஓட்டம் போகாது என்றார் டாக்டர். மயக்க மருந்து கொடுப்பதற்கு அப்பா அல்லது அம்மா கையெழுத்துப் போட வேண்டும்.

ரூபி எனக்குப் போன் செய்திருக்கிறாள். நான் ஒரு வயதான அம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். போன் லாக்கரில். சாமுவேலுக்குச் செய்திருக்கிறாள். பாலைவனத்தில் சிக்னல் இல்லை. மறுபடி எனக்கு. மறுபடி அவருக்கு.

"நீங்க பிள்ளைக்கு யாரும்மா?" என்று கேட்டிருக்கிறார் நர்ஸ்.

"அம்மா" என்று சொல்லிவிட்டாள் ரூபி. 'உறவு: தாய்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. நான் லாக்கரைத் திறந்தபோது தவறிய அழைப்புகளுக்குக் கீழே ஒரு படம் இருந்தது. கட்டுப்போட்ட கையோடு லிடியா தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஆனால் ஆதார் அட்டை கேட்டபோது விஷயம் வெளியே வந்துவிட்டது. டாக்டர் சத்தம் போட்டிருக்கிறார். "ஏதாவது ஆகியிருந்தா நான் ஜெயிலுக்குப் போகணும், தெரியுமா? மொதல்ல ஒரு வக்கீலப் பாத்து முறையா எழுதி வாங்குங்க." அவர் சொன்னதில் தப்பில்லை. இந்தக் கதையில் யார் சொன்னதிலும் தப்பில்லை என்பதுதான் என் ஆத்திரமே.

அதே நேரத்தில் லிடியாவின் பாஸ்போர்ட்டும் காலாவதியாகும் நிலையில் இருந்தது. பெற்றோர் இருவரும் வெளிநாட்டில் இருந்தால் தூதரகத்தில் நேரில் கையெழுத்திட்டுச் சான்று வாங்க வேண்டும். தூதரகம் நேரில் யாரையும் பார்ப்பதில்லை. தபாலில் அனுப்பினால் எப்போது திரும்பும் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வழக்காடும் ஒரு வக்கீலை ரூபி பிடித்தாள். அமைதியானவர், விளக்கமாகப் பேசுகிறவர். ரூபியைக் காப்பாளராக நியமிக்க மனுப் போட்டுவிட்டால் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் அவளே கையெழுத்துப் போடலாம் என்றார். "ஆனா ஒரு விஷயம்மா. அப்பா அம்மா உயிரோட இருக்கையில வேற ஒருத்தரப் போட கோர்ட்டு லேசுல சம்மதிக்காது. அதனால நீங்க ரெண்டு பேரும் ஒரு பிரமாணப் பத்திரம் குடுக்கணும்."

வரைவை அனுப்பினார். அதில் ஒரு வரி: 'குழந்தையைப் பராமரிக்க இயலாத நிலையில் நாங்கள் இருக்கிறோம்.'

சாமுவேல் படித்துவிட்டு அன்றே கையெழுத்திட்டார். நான் போடவில்லை. இயலாத நிலை என்றால் என்ன? சீக்கா எனக்கு? குடியா? பிள்ளையைத் தெருவில் விட்டேனா? விமானம் விட்டால் அந்த நிமிடம் போய்த் தூக்கி வர மாட்டேனா? வக்கீலுக்குப் போன் செய்து, "'தற்காலிகமாக' என்று ஒரு வார்த்தை போடுங்கள்" என்றேன். போட்டால் மனு நிற்காது என்றார். வேறு மாதிரி எழுதுங்கள் என்றேன். சட்டத்தின் வார்த்தை அதுதான் என்றார்.

வாரக்கணக்கில் அந்தத் தாள் சாப்பாட்டு மேஜை மேல் கிடந்தது. ரூபி அவசரப்படுத்தவில்லை. "மெதுவா போடுக்கா" என்று மட்டும் சொன்னாள். அவள் குரலுக்குப் பின்னால் லிடியா சிரிப்பது கேட்டது. கடைசியில், லிடியாவுக்கு மறுபடி ஏதாவது ஆனால் என்ற பயத்தில்தான் போட்டேன். ஒரு தாய் தன்னால் முடியாது என்று நோட்டரி முன்னால் சத்தியம் செய்து கொடுத்தாள். நோட்டரி முகக்கவசத்துக்குள்ளிருந்து, "நல்ல நாளாக அமையட்டும்" என்றார்.

விசாரணை வீடியோவில் நடந்தது. பாதி நேரம் படம் உறைந்து நின்றது. உத்தரவு வந்தது. அதைக் காட்டி ரூபி மதுரைக்குப் போய்ப் பாஸ்போர்ட் எடுத்தாள். அதில்தான் அவள் பெயர் ஏறியது.

5

ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து வழி திறந்ததும் சாமுவேல் போனார். சென்னை விமான நிலையத்தில் மறுபடி பிடித்துக்கொண்டார்கள். பாஸ்போர்ட்டில் ரூபி பெயர் இருக்க, பிள்ளையைக் கூட்டிப் போகிற இந்த ஆள் யார்? இப்படி ஆகும் என்று வக்கீல் சொல்லியிருந்ததால் ரூபியும் உத்தரவோடு சென்னை வரை வந்திருந்தாள். அதிகாரி கொஞ்சம் குனிந்து லிடியாவிடமே கேட்டார்.

"பாப்பா, இது யாரு?"

லிடியா சாமுவேலை நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா. போன்ல வருவாவ."

ரூபி தன் சம்மதத்தோடு பிள்ளையை அனுப்புவதாக எழுதிக் கொடுத்தாள். அப்புறம் லிடியாவின் விரல்களை ரூபியின் சேலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது என்று சாமுவேல் சொன்னார்.

இங்கே வந்து சேர்ந்த பிள்ளை என்னை "ஏங்க" என்று கூப்பிட்டாள். பசித்தால் சொல்ல மாட்டாள். நான் தலை வாரினால் அசையாமல் உட்கார்ந்திருப்பாள், அந்நியர் வீட்டில் உட்காருகிற மாதிரி. மற்ற குடும்பங்களில் பிள்ளைகள் வெளிநாட்டில் வளர்ந்து ஊரை மறக்கிறார்கள் என்று வருத்தப்படுவார்கள். என் பிள்ளை ஊரிலிருந்து வந்து என்னை மறந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் குடும்பத்தை வரையச் சொன்னபோது ஸ்கூட்டரும், அதில் ஒரு பெண்ணும், முன்னால் நிற்கிற தன்னையும் வரைந்திருந்தாள். "உங்கள் ஸ்கூட்டர் அழகாக இருக்கிறது" என்று ஆசிரியை என்னிடம் சொன்னார். நன்றி என்றேன். வேறு என்ன சொல்ல?

கொஞ்சம் கொஞ்சமாக அம்மா என்றாள். ஆங்கிலம் வந்தது. என்னிடம் முழுக்க ஆங்கிலம்தான் இப்போது. நான் தமிழில் கேட்டாலும் ஆங்கிலத்தில்தான் பதில். நாங்கள் மூவரும் பழைய வாழ்க்கைக்குத் திரும்பிவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன், அந்த மின்னஞ்சல் வரும்வரை.

6

வெறும் சம்மதக் கடிதம் போதும் என்றுதான் முதலில் நினைத்தோம். ரூபி உடனே அனுப்பினாள். அடுத்த மின்னஞ்சல்: குழந்தை பெற்றோருடன் வசிக்கும்போது காப்பாளர் வேறு நாட்டில் இருப்பது ஏன்? உத்தரவு இன்னும் நடைமுறையில் இருக்கிறதா? இருக்கிறது என்றால் நீங்கள் எந்த உரிமையில் குழந்தையை வைத்திருக்கிறீர்கள்? தயவுசெய்து விளக்கவும்.

வக்கீலைக் கூப்பிட்டேன். "அப்போவே ரத்து பண்ணியிருக்கணும்மா. எல்லாரும் வேலை முடிஞ்சதும் மறந்துருதாவ" என்றார். ரூபியே காப்பாளர் பொறுப்பிலிருந்து விலகுவதாக மனுப் போட வேண்டும். நேரில் ஆஜராக வேண்டும். நாங்கள் வீடியோவில் வந்தால் போதும்.

விசாரணை அன்றும் நான் மதிய இடைவேளையில் காருக்குள்தான் உட்கார்ந்திருந்தேன். போன் திரையில் கோர்ட் ஹால் தெரிந்தது. ரூபி பச்சைச் சேலை கட்டியிருந்தாள். எப்போதும் தறிக்குப் போகிற சேலை இல்லை, கோயிலுக்குக் கட்டுகிறது. நீதிபதி ஒரு பெண். முன்னால் கட்டுக்கட்டாகக் கோப்பு.

"மனுவுல 'பொறுப்பிலிருந்து விலக விரும்புகிறேன்'னு இருக்கு. இது உங்க விருப்பம்தானே?" என்று கேட்டார்.

வக்கீல் திரும்பி ரூபியைப் பார்த்தார்.

"விருப்பம் இல்லைங்கம்மா" என்றாள்.

ஹாலில் யாரோ இருமினார்கள்.

"அப்போ மனு எதுக்கு?"

"பிள்ளை அங்க இருக்கா. நான் இங்க இருக்கேன். காயிதத்துல மட்டும் என்ட்ட இருக்கான்னு இருக்கு. அதனால அங்க அவளுக்கு வேலை தடையாகுது. அதான் வந்தேன். வேண்டாம்னு வரல."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி ரூபியைப் பார்த்தார். திட்டவில்லை. ஆனால், விருப்பம் இல்லை என்று வாக்குமூலம் வந்த பிறகு இந்த மனுவில் உத்தரவு போட முடியாது, திருத்திய மனு தாக்கல் செய்யுங்கள் என்று தள்ளி வைத்துவிட்டார். திரையில் அடுத்த வழக்கின் ஆட்கள் வந்து நின்றார்கள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அவள் வெளியே வந்து போனை எடுத்ததும் கத்தினேன்.

"ஏட்டி, ஒரு வார்த்தை 'ஆமா'ன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்ல? அன்னைக்கு ஆஸ்பத்திரியில அம்மான்னு எழுதத் தெரிஞ்சுச்சு, இன்னைக்கு என்ன பெரிய அரிச்சந்திரன் மாதிரி?"

"அது பிள்ளைக்காகச் சொன்ன பொய்யி" என்றாள்.

"இதுவும் பிள்ளைக்குத்தானட்டி!"

"தெரியும்க்கா." கோர்ட் வாசலில் யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் கேட்டது. "முடியாதுன்னு எழுத நீ எம்புட்டு நாள் எடுத்துக்கிட்ட? நான் ஒண்ணாச்சும் சொன்னேனா? எனக்கு மட்டும் வேண்டாம்னு சொல்ல ஒரு நிமிசந்தானா?"

இடைவேளை முடிந்து என்னைத் தேடி, கூட வேலை செய்கிற ஒரு பெண் இல்லத்து வாசலில் வந்து நின்றாள். கை காட்டிவிட்டு, போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். ரூபியும் வைக்கவில்லை.

வக்கீல் மனுவைத் திருத்தினார். 'விரும்புகிறேன்' போய், 'குழந்தை தற்போது பெற்றோரிடம் இருப்பதால் பொறுப்பு தொடர வேண்டிய அவசியம் எழவில்லை' என்று வந்தது. எனக்கும் அன்றைக்கு இப்படி ஒரு வாக்கியத்தை யாராவது எழுதித் தந்திருக்கலாம். அடுத்த வாய்தாவில் நீதிபதி விடுப்பு. அதற்கடுத்ததில் வக்கீல்கள் வேலைக்கு வரவில்லை. ஒவ்வொரு தடவையும் ரூபி தறியை நிறுத்திவிட்டு அதே பச்சைச் சேலையில் போய்வந்தாள். இங்கே அதிகாரி, தாமதத்துக்குக் காரணம் கேட்டுத் தயவுசெய்து தயவுசெய்து என்று எழுதிக்கொண்டேயிருந்தார்.

ஒருவழியாக இந்த வாரம் உத்தரவு வந்தது. ரூபி கூப்பிட்டாள்.

"முடிஞ்சுச்சுக்கா. காப்பி வாங்கிட்டேன், சாயந்தரம் அனுப்புதேன்." பிறகு லேசாகச் சிரித்தாள். "இனிமே சட்டப்படி நான் அவளுக்கு யாருமில்ல."

"அப்படிச் சொல்லாதட்டி" என்றேன்.

"சரி, அது கெடக்கட்டும். அவட்ட குடு."

லிடியா போனைப் பிடுங்கிக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான் துணியை மடிக்கிற சாக்கில் வெளியே நின்றேன். முதலில் சிரிப்பு. பிறகு, என்னிடம் ஒரு வாக்கியம்கூடத் தமிழில் பேசாத என் மகள், மூச்சுவிடாமல் பேச ஆரம்பித்தாள். "இல்ல சித்தி, நீங்க செத்த கேளுங்க. அந்தப் பிள்ளை என்ன சொன்னான்னு எங்கம்மாட்டகூட நான் சொல்லல..."

மீதியை மெதுவான குரலில் சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை.